கோணக்கண்ணு பேரனும் ஒரு தேய்ந்த குழலும்

பேரவை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தங்கை ஒருவர் தொலைபேசியில் கேட்டார். எதைப் பற்றி எழுதட்டும் என்றேன். "உங்கள் துறையைப் பற்றி எழுதுங்கள் அண்ணா, மாணவர்களுக்குப் பயன்படும்" என்றார். என் துறை இயந்திரவியல். அதிலும் தேய்மானம். பேரிங்குகள் ஏன் தேய்கின்றன என்று நான்கு பக்கம் எழுதினால் என்னோடு படித்தவர்கள்கூட அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே தேய்மானத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் இங்கே தேய்ந்தது ஒரு துப்பாக்கிக் குழல்.

அதற்கு முன் எங்கள் குடும்பத்தின் பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். பேராக் மாநிலத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குக் 'கோணக்கண்ணு வீடு' என்று பெயர். தாத்தா கோணக்கண்ணு. அப்பா கோணக்கண்ணு மகன். நான் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானபோது லயத்தில் பேசிக்கொண்டது, "கோணக்கண்ணு பேரனுக்கு யூனிவர்சிட்டி கெடச்சிருச்சாம்" என்பதுதான்.

இத்தனைக்கும் தாத்தாவுக்குக் கண் கோணல் கிடையாது. எழுபத்தைந்து வயதிலும் பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். பால்வெட்டில் அவர் கை பட்ட மரத்தில் காயம் இருக்காது என்பார்கள். பட்டையை வெட்டும்போது உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு நிறுத்த வேண்டும், கத்தி அதையும் தாண்டினால் மரம் கெட்டது. இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், தினமும் நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்தவரின் கண்ணுக்குத்தான் அந்தப் பெயர்.

பெயர் வந்த கதை இது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கில் 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்'களைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தமிழர்களும் சிலர் சேர்ந்தார்கள். தாத்தாவுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும். கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். பாலஸ்தீனத்தில் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, அங்கே பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் மலாயாவுக்கு வந்த வெள்ளைக்கார சார்ஜன்ட்கள் பலர் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படி ஒருவர் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்.

திடலில் பலகை நட்டு, நூறு கஜத்திலிருந்து ஆளுக்கு ஐந்து தோட்டா. வேடிக்கை பார்க்கத் தோட்டமே கூடியிருந்தது. மற்றவர்கள் இரண்டு, மூன்று என்று அடித்தார்கள். தாத்தாவின் ஐந்தில் நான்கு மண்மேட்டுக்குப் போனது. பலகையில் ஒரே ஓர் ஓட்டை. அதுவும் வட்டமாக இல்லை, சாவித் துவாரம்போல் நீட்டு வாக்கில் கிழிந்திருந்தது. சார்ஜன்ட் போய்ப் பார்த்துவிட்டு, இது குண்டு துளைத்ததல்ல, ஏற்கெனவே ஆணி கிழித்தது என்று சொல்லி அதையும் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு தாத்தாவின் முகவாயைப் பிடித்து இரண்டு கண்ணையும் மாறி மாறி உற்றுப் பார்த்தாராம். கூட்டம் சிரித்தது. அன்று விழுந்த பெயர்.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் தாத்தாவே நடித்துக் காட்டுவார், சார்ஜன்ட் குரலில். எல்லாரும் சிரிப்போம். ஒரே ஒருமுறை, நான் ஐந்தாம் படிவம் படிக்கையில், கிணற்றடியில் தனியாக இருந்தபோது, "அந்த ஓட்ட என்னோடதுதான் தம்பி" என்றார். நான் அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன். 2009இல் தாத்தா இறந்துபோனார்.

2012இல் முதுகலைப் படிப்புக்காக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குப் போனேன். என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவர் இருந்தார். நான் 'சார்' என்று அழைத்தால் திரும்பிப் பின்னால் யாரோ நிற்பதாகப் பார்ப்பார். அப்படி அழைக்காதே என்று பொருள். அவர் ஒரு பழைய துப்பாக்கிச் சுடும் கழகத்தில் உறுப்பினர். ஒரு சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார். 1996இல் போர்ட் ஆர்தரில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்நாட்டில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகவும் இறுகிவிட்டன. ஆனாலும் உரிமம் இல்லாதவர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்து, உறுப்பினர் பக்கத்தில் இருக்க, கழகத் திடலில் சுட அப்போது வழி இருந்தது. நம் நாட்டில் துப்பாக்கியைப் பொன் கடை வாசலில் காவலர் கையில் பார்த்ததோடு சரி. ஆர்வத்தில் போனேன்.

அவருடையது லீ என்ஃபீல்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்பார்களே, அதேதான். லித்கோ என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலையில் 1942இல் செய்தது. வாய்ப்புறத்தில் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, மூக்கை அறுத்துவிட்டதுபோல் மொண்ணையாக இருக்கும். நான் படுத்துக்கொண்டு, அவர் சொன்னபடி மூச்சை அடக்கி, நூறு மீட்டரில் பத்துத் தோட்டா சுட்டேன். தாளை எடுத்து வந்தபோது ஏழு துளைகள்தான் இருந்தன. ஒரு முழத்துக்கும் மேல் சிதறிக் கிடந்தன. அதில் இரண்டு துளைகள் வட்டமாக இல்லை. சாவித் துவாரம்போல் நீண்டிருந்தன.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பெரியவர், நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "உன் கண்ணில் கோளாறு இல்லை. குண்டு குறுக்கே புரண்டு போயிருக்கிறது. என் குழல் தேய்ந்தது. நான் இன்று மலிவாகக் கிடைத்த குண்டைப் போட்டுக் கொண்டுவந்தேன்" என்றார்.

இனி கொஞ்சம் இயந்திரவியல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழுவழுப்பான குழாய் அல்ல. அதில் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். லீ என்ஃபீல்டில் பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள், இடப்பக்கமாகச் சுழன்று, பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள் குண்டின் உடம்பில் பதிந்து அதைச் சுழற்றும். சுழல்கின்ற பம்பரம் நிற்பதுபோல் சுழல்கின்ற குண்டு மூக்கை முன்னால் வைத்துப் பறக்கும். சுழற்சி கிடைக்காவிட்டால் தலைகுப்புறப் புரளும். புரண்டுகொண்டே தாளில் பக்கவாட்டில் மோதினால் நீட்டு ஓட்டை.

303 என்பது மேட்டுக்கு மேடு உள்ள அளவு, அங்குலத்தில் .303. பள்ளத்துக்குப் பள்ளம் அதைவிட அகலம். குண்டு அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்பதால் குண்டின் விட்டம் .311 அல்லது .312. ஆனால் போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த குழல்களில் பள்ளத்தின் அளவு .314, அதற்கு மேலும்கூட இருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்குதான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அந்த முடியளவு இடைவெளியில் சூடான வாயு குண்டை முந்திக்கொண்டு பாய்ந்தால் போதும், காரியம் கெட்டுவிடும்.

அதோடு தேய்மானம் சேர்கிறது. அது இரண்டு முனையிலும் வேறு வேறு காரணத்தால் வருவதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. உள்முனையில், தோட்டா வெடிக்கும் இடத்தை அடுத்த 'தொண்டை'யை வெடிமருந்தின் சூடு அரிக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டாவில் இருந்த கார்டைட் மிகச் சூடாக எரியும். வாய்முனையைச் சுத்தம் செய்யும் கயிறு தேய்க்கிறது. ஆம், கயிறுதான். சிப்பாய்களுக்கு ஒரு கயிறு கொடுத்திருப்பார்கள், நுனியில் பித்தளைக் கட்டி, மறுநுனியில் ஃபிளானல் துணி. பின்னால் போட்டு வாய்ப்புறம் இழுக்க வேண்டும். கயிற்றில் மணல் ஒட்டியிருந்து, கையைக் கோணலாக வைத்து இழுத்தால், ஆண்டுக்கணக்கில் அது எஃகை அறுத்துவிடும். நம் ஊர்க் கிணற்றுக் கல்லில் கயிறு பதிந்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போதாக்குறைக்குத் துரு. அக்காலப் பிரைமர் வெடித்தால் ஒருவகை உப்பு குழலுக்குள் தங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது, கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மழைநாட்டுத் தோட்டத்தில் உப்பு தங்கிய குழல் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரமே பெரியவர் வீட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். இந்தக் குழலுக்குப் பொருந்தும் குண்டைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டேன். ஏன் இவ்வளவு ஆர்வம் என்றார். தாத்தாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஈயக் கட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

முதல் வேலை குழலை அளப்பது. மென்மையான ஈயத்துண்டை எண்ணெய் பூசிய குழலுக்குள் வைத்துக் கோலால் தள்ள வேண்டும். பள்ளங்கள் ஈயத்தில் அச்சாகப் பதியும். தள்ளும்போது கையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். நடுவில் இறுக்கம், தொண்டைக்கு அருகே திடீரென்று கை லேசாகும். ஒரு துண்டை முழுநீளம் தள்ளினால் அது மிக இறுகிய இடத்தின் அளவைத்தான் காட்டும். வாய்முனையின் அளவு வேண்டுமானால் இன்னொரு துண்டைச் சிறிது தூரம் மட்டும் செலுத்தி, வந்த வழியே வெளியே தட்டி எடுக்க வேண்டும்.

அளப்பதில்தான் சிக்கல். ஐந்து பள்ளம் என்பது ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்தால் பள்ளத்துக்குப் பள்ளம் அகப்படாது. பெரியவர் மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்தைச் சுற்றிப் பிடித்து அளந்து, தகட்டின் பருமனை இரண்டு தடவை கழிப்பார். நான் பல்கலைக்கழகப் பட்டறையில் ஐந்து வெட்டுவாய் உள்ள கருவிகளை அளப்பதற்கென்று வைத்திருந்த மைக்ரோமீட்டரை, 108 பாகைப் பீடம் கொண்டதை, அனுமதி வாங்கி எடுத்துப் போனேன். பள்ளம் நடுவில் .314, வாயருகே .315. அவருடைய தகட்டுக் கணக்கும் என் கருவியும் அரை ஆயிரம்கூட வேறுபடவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் குண்டு மாற்றி மாற்றிச் சுட்டோம். முதல்நாள் நான் சுட்டது .3105 விட்டமுள்ள, பின்பக்கம் படகுபோல் ஒடுங்கிய குண்டு. நல்ல குழலில், நெடுந்தூரத்தில் அதற்கு ஈடில்லை, காற்றை அழகாக வகிர்ந்துகொண்டு போகும். தேய்ந்த குழலில் அந்த ஒடுங்கிய வால்தான் எதிரி. வாயு வாலைச் சுற்றிப் புகுந்து முன்னே ஓடிவிடுகிறது. அடி தட்டையாக இருந்தால் அழுத்தம் நேரே அடியில் மோதும், உள்ளிருக்கும் ஈயம் சற்றே விரிந்து பள்ளத்தை அடைக்கும். 1910இல் வந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் ஏழாம் மார்க் குண்டும், 174 கிரேன் எடை, தட்டை அடிதான். அக்குண்டின் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்து முன்பக்கத்தை லேசாக்கியிருந்தார்கள். பின்பாரம் அதிகமானதால், சுழற்சி குறைந்தால் சுலபமாகப் புரண்டுவிடும்.

எடை குறைந்த 123 கிரேன் குண்டையும் போட்டுப் பார்த்தோம். விலை மலிவு, உதை குறைவு. ஆனால் குட்டையானது. தேய்ந்த தொண்டையில் அது பள்ளத்தைப் பிடிப்பதற்குள் வெகுதூரம் பிடிமானமின்றித் தாவ வேண்டியிருக்கிறது, கோணலாகப் பள்ளத்தில் நுழைகிறது. முப்பது சென்டிமீட்டர் சிதறல், ஒரு நீட்டு ஓட்டை. 150 கிரேன், தட்டை அடி, .312: பதினெட்டு சென்டிமீட்டர். 180 கிரேன் கூர்மூக்கு, தட்டை அடி, ஆனால் .311: பதினான்கு. பிறகு 174 கிரேனில் மொண்ணை மூக்குக் குண்டு, .312. பார்க்க அழகே இல்லை, சுண்டுவிரல் நுனி மாதிரி இருக்கும். மூக்கு மொண்ணையாக இருப்பதால் உடம்பின் நேர்ப்பகுதி நீளம், குழலைத் தொட்டுக்கொண்டே போகிற பரப்பு அதிகம். பத்தும் பதினொரு சென்டிமீட்டருக்குள் விழுந்தன, எல்லாம் வட்டமாக. 1910க்கு முன் இந்தத் துப்பாக்கிக்கு இருந்ததே 215 கிரேன் மொண்ணை மூக்குக் குண்டுதான் என்று பெரியவர் சொன்னார். பழைய காலத்துக்காரர்கள் முட்டாள்கள் அல்லர்.

உறையிட்ட குண்டு .312க்கு மேல் கடையில் கிடைப்பது அரிது. ஆகவே கடைசியாக ஈயத்தை உருக்கி அவரே வார்த்தார், .315 அளவில், அடியில் சிறிய செப்புக் கிண்ணம் மாட்டி. வார்ப்பது தூண்டிலுக்கு ஈயம் உருக்குவது போலத்தான். வாசலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஈயம் மேலே தெறிக்கும். குண்டு பெரிதானால் பித்தளைக் கூட்டின் கழுத்து விரிய அறையில் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஆபத்தாகிவிடும். அதை அவர் சரிபார்த்த பிறகே சுட விட்டார். வேகத்தையும் குறைத்தே வைத்தார். முதல் வாரம் துருப்பிடித்த குழலில் ஈயம் அப்பிக்கொண்டு படுமோசம். இரண்டு மாலை உட்கார்ந்து சுரண்டினோம். மெழுகுக் கலவையை மாற்றிய பிறகு எட்டு சென்டிமீட்டர். அதே குழல், அதே நான், அதே கோணக்கண்ணு பரம்பரைக் கண்.

இரவு அறைக்கு வந்து, அப்பாவிடம் சொல்லித் தாத்தாவின் ஒரே சீருடைப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். அரைக்கால் சட்டை, பக்கத்தில் நிறுத்திப் பிடித்த துப்பாக்கி. சின்ன வயதிலிருந்து பார்த்த படம்தான். இப்போதுதான் தாத்தாவைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பார்த்தேன். மொண்ணை மூக்கு. பெரியவருடையதைப் போன்றதே. இரண்டாம் உலகப் போரையும், அதற்கு முன் வேறு எதையெல்லாமோ பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்த பழைய சரக்கு.

நீதிமன்றத்தில் இதை நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தக் குழலை யாரும் அளக்கவில்லை. தாத்தாவுக்குச் சரியான பயிற்சி கொடுத்திருக்கமாட்டார்கள், குறிமுள் விலகியிருந்திருக்கலாம், முதல் வெடிச் சத்தத்தில் அவரே கண்ணை மூடியிருக்கலாம். நான்கு குண்டு மண்மேட்டுக்குப் போனதற்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாவது ஓட்டையை ஆணி கிழிக்கவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். துப்பாக்கி தெரிந்த சார்ஜன்டுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நல்ல துப்பாக்கி பட்டாளத்துக்கு, கழித்துப் போட்டது தோட்டக் காவலனுக்கு. அதை ஒத்துக்கொள்வதைவிட ஒரு பால்வெட்டுக்காரன் கண்ணைக் குறை சொல்வது சுலபம்.

2014இல் ஊர் திரும்பினேன். நம் நாட்டுச் சட்டம் தெரியுமாதலால் வெற்றுக் கூடு ஒன்றைக்கூடப் பெட்டியில் வைக்கவில்லை. இரண்டு தாள்கள் மட்டும் சுருட்டிக் கொண்டுவந்தேன், முதல் நாளுடையதும் கடைசி நாளுடையதும்.

பாட்டிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்தடியில் இரண்டு தாளையும் விரித்து வைத்து, எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், மேடு, தொண்டை, கயிறு. பாட்டி நீட்டு ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார்.

"இப்படித்தான் இருந்திச்சுன்னு சொல்லுவாரு" என்றார்.

கொஞ்சநேரம் கழித்து, "தெனமும் ராத்திரி விளக்க வச்சுக்கிட்டு அந்தக் கயித்தப் போட்டு இழுஇழுன்னு இழுப்பாரு. கத்தி மாதிரி வச்சிருக்கணும்னு. அப்ப அவரு தொடச்சுத்தான் தேஞ்சிச்சா ஐயா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி. அவர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தேஞ்சு போனது அது" என்றேன்.

பாட்டி எட்டு சென்டிமீட்டர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீட்டு ஓட்டைத் தாளை நான்காக மடித்து, அலமாரியில் தாத்தாவின் அடையாள அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.